சீனா மர்டூ

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு டீக்கடை. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் சாயங்காலம் தவறாமல் அங்கே வருவார். நாலு வருடமாகப் படிக்கிறார். வண்டியை ஸ்டாண்டு போடும்போதே கடைக்காரர் குரல் கொடுப்பார்: “வாங்க கஜினி, இது எத்தனாவது படையெடுப்பு?” தம்பியும் சளைக்காமல், “பதினேழு ஆக இன்னும் நாள் இருக்குண்ணே” என்பார்.

ஆயிரம் வருடத்துக்கு முன் இன்றைய ஆப்கானிஸ்தானத்து மண்ணிலிருந்து ஆண்ட ஒரு சுல்தான் செட்டிநாட்டு டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டார். வழியில் எத்தனையோ இழந்துதான் வந்திருக்கிறார். அவர் பெயர் கஜினி அல்ல, அது அவருடைய தலைநகர். முகமதுவும் அல்ல, மஹ்மூத். அரபியில் இரண்டும் வேறு வேறு பெயர்கள். 998 முதல் 1030 வரை ஆண்டவர். பதினாறு தடவை தோற்றுப் பதினேழாவது தடவை ஜெயித்தார் என்பது நம் வகுப்பறைகள் கட்டிய கதை. பெரும்பாலான படையெடுப்புகளில் அவர் வென்று, கொள்ளைப் பொருளோடுதான் ஊர் திரும்பினார். ஆனாலும் தமிழில் அவர் விடாமுயற்சிக்கு உவமை. 2005இல் ஏ.ஆர். முருகதாஸ் தன் படத்துக்கு ‘கஜினி’ என்று பெயர் வைத்தபோது அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

பாரசீகத்தில் அந்த ஊர் கஸ்னி. நடுவில் இருப்பது ‘ஸ’வை அதிரவிட்டுச் சொல்லும் ஓசை, தமிழில் அதற்கு எழுத்தில்லை. பக்கத்தில் இருந்த ‘ஜ’வை எடுத்துக்கொண்டோம். அடுத்து, ஒற்றும் ‘னி’யும் ஒட்டி நிற்பது நம் நாக்குக்கு உறுத்தல். ரத்னத்தை ரத்தினமாகவும் பத்மத்தைப் பதுமமாகவும் ஆக்கிய அதே கை, இங்கேயும் நடுவே ஓர் இகரத்தைச் செருகிவிட்டது. கஜினி பிறந்தார்.

ஆங்கிலேயர் செய்தது வேறு. 1839இல் அந்த ஊர்க் கோட்டையைப் பிடித்த படைவீரர்களுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அதில் பொறித்த ஊர்ப்பெயர்: ஜி, எச், யு, இசட், என், இ, இ. நம் கண் அதைப் படித்தால் ‘குஸ்னீ’ என்றுதான் வரும். அன்றைய ஆங்கிலேயர் அகரத்தை எழுத ‘யு’வைத்தான் கையில் எடுத்தார்கள். நம் ‘கறி’ ஆங்கிலத்தில் ‘யு’ போட்டு எழுதப்படுவதும், பஞ்சாபின் முதல் எழுத்துக்குப் பின்னால் ‘யு’ நிற்பதும் இதனால்தான்.

இந்த ‘யு’வைக் கொஞ்சம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கஜினிக் கோட்டைக்குப் போவதற்கு நாற்பது வருடம் முன்பே அது எங்கள் சீமைக்கு வந்துவிட்டது.

சிறுவயலில் ஒரு விருந்தாளி

கல்லலுக்குப் பக்கத்தில் அரண்மனை சிறுவயல் என்ற ஊர் இருக்கிறது. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது வாழ்ந்த ஊர். 1795இல் அவரைப் பார்க்க அங்கே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அப்போது இளம் அதிகாரி, மதுரையில் வேலை. பல வருடம் கழித்து, 1830இல், தன் படைவாழ்க்கை நினைவுகளை இரண்டு பாகங்களாக லண்டனில் அச்சிட்டார். சின்ன மருதுவோடு நேரில் பழகிய ஒருவர் எழுதிய சித்திரம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

அதில் சின்ன மருதுவின் பெயர் ‘சீனா மர்டூ’. அண்ணன் பெரிய மருதுவின் பெயர் ‘வெல்லா மர்டூ’. பெரிய மருதுவை ஊரில் வெள்ளை மருது என்றும் சொல்வார்கள், வெல்ஷ் காதில் விழுந்தது அந்தப் பெயர். ‘சின்ன’வில் உள்ள ஒற்றை விட்டுவிட்டு முதல் உயிரை இழுத்ததில் நம் தம்பி சீன தேசத்து ஆளாகிவிட்டார்.

‘மர்டூ’வைத்தான் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எம், யு, ஆர், டி, ஓ, ஓ. முதலில் நிற்பது கையில் பிடித்துக்கொள்ளச் சொன்ன அந்த ‘யு’, அகரத்துக்கு. கடைசியில் இரண்டு ‘ஓ’, உகரத்துக்கு. நடுவே இருந்த ‘ரு’வின் உயிர் காணாமல் போய்விட்டது. ‘து’ என்னும் பல்லோசைக்கு ஆங்கிலத்தில் எழுத்தில்லாததால் ‘டி’ வந்து உட்கார்ந்துகொண்டது. கஸ்னியில் இல்லாத உயிரை நாம் செருகினோம், மருதுவில் இருந்த உயிரை அவர்கள் உருவினார்கள். அவரவர் நாக்குக்கு அவரவர் இலக்கணம். வைகைக் கரையின் மருத மரம் இப்படித்தான் லண்டன் அச்சகத்தில் ‘மர்டூ’வாக இறங்கியது.

எழுத்துத்தான் இப்படிக் கோணல். எழுதிய மனிதரின் பார்வையில் கோணல் குறைவு. சின்ன மருதுவின் வீட்டுக்குக் காவல் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று வியந்து எழுதுகிறார் வெல்ஷ். மதுரையில் இருந்த தனக்கு நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பிவைத்ததை மறக்காமல் சொல்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தது இவர்தான் என்கிறார். கைதேர்ந்தவன் வீசினால் நூறு கஜத்துக்குள் இருக்கும் குறி தப்பாது என்கிறார். வளரிக்கு அவர் எழுதும் பெயர் ‘காலரி ஸ்டிக்’. கள்ளர் என்ற இனப்பெயர் கம்பெனிக்காரர் வாயில் ‘காலரி’ ஆனது, அவர்கள் வீசிய தடி ‘காலரித் தடி’ ஆனது. வளரி என்ற சொல்லுக்கு அங்கே இடமே கிடைக்கவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய உடல் வலுவைச் சொல்கிறார். பெரிய மருதுவுக்கு ஆட்சிக் கவலை கிடையாது, வேட்டைதான் உலகம். ஆர்க்காட்டு ரூபாயை விரலால் வளைத்துவிடுவார் என்று பேச்சு. இந்த ரூபாய்க்குள் ஓர் ஆப்கானியர் ஒளிந்திருக்கிறார். ஏறக்குறைய பதினொன்றரை கிராம் வெள்ளியில் ‘ரூபியா’ என்று ஒரு நாணயத்தை நிலைப்படுத்தியவர், 1540 முதல் 1545 வரை டெல்லியை ஆண்ட ஷேர் ஷா. முகலாயரும் ஆர்க்காட்டு நவாப்பும் கம்பெனியும் அதே எடைக் கணக்கின் வழியில்தான் வந்தார்கள். ஷேர் ஷாவின் இயற்பெயர் ஃபரீத். ஷேர், புலியை வென்றதற்குக் கிடைத்த பட்டம் என்பார்கள். ஷா, அரசர் என்ற பட்டம். சூர், குலம். ஆங்கிலப் புத்தகங்களின் பெயர் அகராதியில் இந்தப் பட்டமும் குலமும் சேர்ந்து ‘ஷேர் ஷா சூரி’ என்று நிற்கின்றன. பெற்றோர் வைத்த பெயரைக் காணோம்.

பூனையும் கானும்

மருதுவுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மு நாயக்கர் பெயரை முழுதாகச் சொல்ல வெள்ளைச் சிப்பாய்களுக்கு வாய் வளையவில்லை. முதல் அசையை மட்டும் வெட்டி எடுத்து ‘கேட்’ என்றார்கள், அதாவது பூனை. அவர் தம்பி ஊமைத்துரைக்கு ஊமை என்ற பொருளைத் தரும் ஆங்கிலச் சொல்லே பெயராயிற்று. மதுரையை ஆண்ட யூசுப் கான், நம் ஊர்க் கதைகளில் மருதநாயகம், கம்பெனிக் காகிதத்தில் ‘ஈசூஃப் கான்’. அந்தக் ‘கான்’ தொடங்குவது சி எழுத்தில், முடியும் இடத்தில் டபிள்யூ, என். நாலுகோட்டைப் பாளையம் ‘நால்கூட்டி’ ஆனது. சிவகங்கை ‘ஷெவகங்கா’ ஆனது, அங்கேயும் கங்கையின் அகரத்துக்கு அதே ‘யு’.

இவையெல்லாம் காது செய்த பிழைகள். கேட்டதை எழுதினார்கள், கேட்கத் தெரியாததை விட்டார்கள். மஹ்மூதை முகமது ஆக்கிய நாம் இதற்காக ரொம்பக் கோபப்பட முடியாது.

கோபப்பட வேண்டிய இடம் பெயருக்குப் பின்னால் வரும் பட்டம்.

வேலைக்காரரா, பாண்டியரா

1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கம்பெனி, நவாப் படைகளால் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் துணையோடு 1780இல் சீமையை மீட்டார். அந்த மீட்பில் உடனிருந்து, பிறகு ஆட்சியையே கையில் எடுத்து நடத்தியவர்கள் மருது சகோதரர்கள். ஊர் அவர்களுக்குக் கொடுத்த பட்டம் சேர்வைக்காரர், படை நடத்துகிறவர். கம்பெனி அதை ஷெர்வைகார், ஷெரோகார் என்று விதவிதமாக எழுதியது.

எழுத்து மாறினாலும் கம்பெனி சொல்ல வந்த செய்தி மாறவில்லை: இவர்கள் அரசர்கள் அல்லர், ராஜகுலத்தின் வேலைக்காரர்கள், எஜமானின் சொத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள். 1801இல் இவர்களோடு போர் மூண்டபோது கம்பெனிப் படையின் கர்னல் அக்னியூ இதையே அறிவிப்பாகப் போட்டார். படமாத்தூர் ஒய்யாத் தேவரான கௌரி வல்லபரைச் சீமையின் உரிமையாளராக அறிவித்து, சோழபுரத்தில் அவருக்குப் பட்டம் கட்டவும் வைத்தார். போரின் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. வேலைக்காரர் என்று ஒருமுறை எழுதிவிட்டால் எதிர்ப்பு கலகமாகிவிடுகிறது, அடக்குவது நீதியாகிவிடுகிறது.

சின்ன மருதுவுக்கும் பட்டத்தின் வலிமை தெரிந்திருந்தது. 1801 ஜூன் 16ஆம் தேதி திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அவருடைய அறிக்கை, பாளையத்தைத் தாண்டி ஜம்புத்தீவு முழுவதையும் கூப்பிட்டது. அதில் அவர் போட்டுக்கொண்ட பெயர் மருது பாண்டியன். மதுரையில் பாண்டியர் ஆட்சி போய் நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. தன்னைச் சேர்வைக்காரன் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால், இந்த மண்ணின் மிகப் பழைய அரசப் பெயரை அவர் எடுத்து வைத்தார். கம்பெனி ஆவணத்தில் அந்த அறிக்கையும் ஆங்கிலமாகித்தான் பதிவானது.

இந்தப் பட்டப் போர் ஆப்கானிஸ்தானத்திலும் நடந்ததுதான். 1879 கந்தமக் ஒப்பந்தம் அந்நாட்டின் வெளியுறவைப் பிரிட்டிஷார் கையில் ஒப்படைத்தது. அதன் ஆட்சியாளரை ஆங்கிலம் ‘அமீர்’ என்றே குறித்தது. 1919இல் அமானுல்லா போர் தொடுத்து வெளியுறவு உரிமையை மீட்டார். 1926இல் அமீர் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதுஷா ஆனார். அதன்பிறகு ஆங்கிலத்திலும் அவர் ‘கிங்’. உரிமை கைக்கு வந்த பிறகு பட்டம் மாறியது. எங்கள் சீமையில் அந்த வரிசைக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இங்கே வெல்ஷின் புத்தகம் ஒரு வேடிக்கை செய்கிறது. அவர் அக்னியூவின் படையில்தான் இருந்தார். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட ஏறத்தாழ ஒரு மாதம் திண்டாடிய படை அது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது, பரந்த வளமான ஒரு நாட்டின் ஆட்சியாளராகவே சின்ன மருதுவைக் காட்டுகிறார். பெயரைத் தப்பாக எழுதியவர் பட்டத்தைச் சரியாக எழுதிவிட்டார். மேலதிகாரிகளோ பட்டத்திலும் கைவைத்தார்கள்.

1801 அக்டோபர் 1ஆம் தேதி காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

பினாங்கில் கேட்ட பெயர்

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பல் கிளம்பியது. அதில் நாடு கடத்தப்பட்ட 70க்கும் மேற்பட்டவர்கள். போன இடம் பினாங்கு, அன்றைக்கு வேல்ஸ் இளவரசர் தீவு. அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி, பதினைந்து வயதுப் பையன். தூத்துக்குடியில் கைதிகளைக் காவல் காக்கும் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? அதே வெல்ஷ். சிறுவயலில் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர், அந்த வீட்டுப் பையனின் விலங்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அவரால் ஆனது அவ்வளவுதான்.

பதினாறு வருடம் போயிற்று. 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனார். முதுமை தட்டிப்போன ஓர் ஆள் அவர் முன்னால் வந்து நின்றான். யார் என்று தெரியவில்லை. பெயரைக் கேட்டார். ‘துரைசாமி’ என்றான். முகத்தில் கண்டுபிடிக்க முடியாததைக் காது கண்டுபிடித்துவிட்டது. அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயதுதான் இருக்கும். அந்தப் பெயர் தன் நெஞ்சில் பாய்ந்ததை வெல்ஷ் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் அதுவும் கோணல்தான். ஆனால் பினாங்கில் அது எழுத்தாக வரவில்லை, வாயிலிருந்து வந்தது.

திரும்பி வந்த வழி

1870களில் டபிள்யூ.டபிள்யூ. ஹண்டரின் எழுத்துப்பெயர்ப்பு முறை அரசாங்க வழக்குக்கு வந்தது. அகரத்துக்கு ‘யு’ போடும் பழக்கம் கழற்றப்பட்டது, ‘ஓ, ஓ’ போய் ஒற்றை ‘யு’ உகரத்துக்கு வந்தது. ஷெவகங்கா சிவகங்கா ஆனது. மர்டூவின் இடத்தில் மருது மெல்லத் தலைகாட்டத் தொடங்கினார். ஆனால் பழைய புத்தகங்களும் கோப்புகளும் மாறவில்லை. இன்றைக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ பழைய ஆங்கில நூல்களிலோ மருதுவைத் தேடுகிறவர் ‘மர்டூ’ என்று தேடத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அப்படித் தேடித் திரட்டியவர்களால்தான் பெயர் முழுதாக வீடு திரும்பியது. ந. சஞ்சீவி ‘மானம் காத்த மருதுபாண்டியர்’ நூலை எழுதினார். கே. ராஜய்யன் 1800-1801 போரைத் தென்னிந்தியப் புரட்சி என்ற பெயரில் ஆங்கிலத்திலேயே 1971இல் நூலாக்கினார். ராமநாதபுரத்து எஸ்.எம். கமால் மாவீரர் மருதுபாண்டியர் வரலாற்றைத் தந்தார். இவர்களுக்கு நடுவே காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர் ஒருவர், கண்ணதாசன், 1959இல் ‘சிவகங்கைச் சீமை’யைப் படமாகத் தயாரித்தார். அதே வருடம் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ ஓடிய ஓட்டத்தில் அது பின்தங்கியது. இருந்தாலும் ஏட்டைப் புரட்டாதவர் வீட்டுக்கும் அந்தப் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2004 அக்டோபர் 24ஆம் தேதி இந்திய அஞ்சல் துறை மருதுபாண்டியருக்குத் தபால்தலை வெளியிட்டது. பாண்டியர் என்ற பட்டம் அரசாங்க முத்திரையோடு வந்தது.

பட்டம் தீர்ந்தது, எழுத்து தீரவில்லை. ‘து’வுக்கு டி போடுவதா, டி-எச் போடுவதா, டீ-எச் போடுவதா? (முதல் டி நாலாவது எழுத்து, மற்றது இருபதாவது. இதைத் தமிழில் விளக்குவதே ஒரு பாடு.) மூன்று விதமாகவும் எழுதுகிறோம், மூன்றுக்கும் ஆள் இருக்கிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் ஒலிப்புப்படி ஆங்கில எழுத்துகளை வகுத்து ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூரின் புது எழுத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. வெள்ளைக்காரர் காது மட்டும்தான் சிக்கல் என்று நினைத்தவர்களுக்கு அது பாடம்.

இந்தச் சிக்கலில் எங்கள் நகரத்தார் வேறு வழியில் போனவர்கள். பர்மாவில் அவர்களை ஆங்கிலேயர் முதலில் ‘செட்டி’ என்றார்கள். 1929-30 பர்மா வங்கி விசாரணைக் குழு, விகுதி சேர்த்துச் ‘செட்டியார்’ என்றது, அதுவும் தனக்கே உரிய ஓர் எழுத்துக்கூட்டலில். இவர்களோ அப்பா, பாட்டன், முப்பாட்டன் பெயர்களை ஆங்கில முதலெழுத்துகளாகச் சுருக்கி விலாசம் என்று கடைக்கு மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு ராமநாதனும் அண்ணாமலையும் திரும்பத் திரும்ப வரும் சமூகத்தில், எந்தக் கடை யாருடையது என்று காட்ட அது தேவைப்பட்டது. மூன்று நாலு எழுத்தில் எழுத்துப்பிழைக்கும் இடமில்லை.

அந்த வசதி டீக்கடைத் தம்பிக்கு இல்லை. அவரைக் கஜினி என்று கூப்பிடுகிறோமே, வீட்டில் வைத்த பெயரில் மருது இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் டி-எச், சாதிச் சான்றிதழில் வேறு. இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபிக்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். மூன்றாவது தடவை ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவர் கேட்டாராம்: “உங்க பேரு கரெக்டா எப்படிங்க எழுதணும்?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றார் கடைக்காரர்.

“தமிழ்ல எழுதிக் காட்டினேண்ணே. இதுல தப்பு வராதுன்னேன். அவரு சிரிச்சிட்டு, இங்கிலீஷ் கட்டத்துல என்ன போடன்னு கேட்டாரு.”

அக்டோபர் 27ஆம் தேதி குருபூஜைக்குக் காளையார்கோவில் சாலையில் வண்டி வண்டியாகக் கூட்டம் போகும். பதாகை எல்லாம் தமிழில், எல்லாவற்றிலும் ஒரே மருது. மருதிருவர் கட்டிய கோபுரத்துக்கு எதிரே அவர்கள் சமாதி. தம்பி வருடா வருடம் போகிறவர். இந்த வருடம் தேர்வு அதற்கு முந்தின வாரம் வருகிறதாம். அனுமதிச் சீட்டைக் காட்டினார். மருதுவின் ‘து’வுக்கு அதில் வெறும் டி போட்டிருந்தது. வெல்ஷ் போட்ட அதே எழுத்து.